வெளியூர்ப் பதிப்பின் கட்டம்

உள்ளறையில் கிண்ணத்தில் கரண்டி மோதும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு, சின்ன இடைவெளி, மறுபடி இரண்டு தட்டு.

"வரேங்க. இந்த ஒரு மூலைய முடிச்சிட்டு வரேன்."

சத்தம் நிற்கவில்லை. மேஜைமேல் குனிந்திருந்தவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தாள். கோடு போட்ட தாளின்மேல் பதினெட்டுக் கறுப்புச் சட்டைப் பொத்தான்கள் கிடந்தன. எந்தச் சதுரத்தைக் கறுப்பாக அடைப்பது என்று பொத்தான்களை நகர்த்தி நகர்த்திப் பார்த்துத்தான் அவள் கட்டம் போடுவாள். ரப்பர் வைத்து அழித்துக்கொண்டிருப்பதைவிட அது லேசு.

இருபத்தாறு வருடங்களாக ஒரு நாளிதழுக்கு அவள்தான் குறுக்கெழுத்துப் போட்டி தயாரிக்கிறாள். வாரத்துக்கு ஏழு கட்டம். வியாழக்கிழமை ஒரே உறையில் போய்விடும். பத்திரிகையில் அவள் பெயர் வந்ததே இல்லை. அலுவலகத்தில் அவள் கட்டக்காரம்மா. தெருவில் அதுகூடக் கிடையாது, டைம்கீப்பர் வீட்டம்மா.

டைம்கீப்பர் கட்டிலில் கிடந்தார். முப்பத்திரண்டு வருடம் பஸ் டிப்போவில் எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று குறித்தே வாழ்ந்த மனிதர். இரண்டு வாரத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல்.

"வந்தானா?"

"வருவான். தண்ணி குடிங்க."

"வந்தானா?"

"வண்டி லேட்டுன்னு நோட்டுல எழுதிக்கங்க," என்றாள். இப்படிச் சொன்னால் முன்பெல்லாம் மீசைக்குள் சிரிப்பார். இப்போது இடது கண்ணிலிருந்து நீர் வழிந்து தலையணையில் இறங்கியது.

முந்தின நாள் வந்த மருத்துவர் அவளை வாசல்வரை கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டார்: "மூணு நாள் தாண்டினா பெரிசும்மா. யாருக்காவது சொல்லணும்னா சொல்லிடுங்க."

சொல்ல வேண்டியது ஒரே ஒருவனுக்கு. அவன் எங்கே இருக்கிறான் என்று பெற்றவளுக்கே தெரியாது.

எட்டு வருடத்துக்கு முன்னால், டிப்போ வேலைக்கான தேர்வு நடந்த நாளில், அவர்களுடைய ஒரே மகன் தேர்வெழுதப் போகவில்லை. லாரிகளுக்குப் பெயர் எழுதும் பட்டறையில் தூரிகையோடு நின்றுகொண்டிருந்தான். பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். அன்று மாலை பத்தொன்பது வயதுப் பிள்ளையைத் தெருவில் நிறுத்தி, நாலு பேர் கேட்க, "என் சாவுக்குக்கூட நீ வரக் கூடாது" என்றார் தகப்பன். பிள்ளை மாற்றுச் சட்டை எடுக்கக்கூட உள்ளே வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அம்மா பெயருக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. "நலம். தினமும் உன் கட்டத்தை நிரப்புகிறேன். தேடாதே அம்மா, தேடினால் இதுவும் நின்றுவிடும்." அனுப்பியவன் முகவரி இல்லை. அஞ்சல் முத்திரை மை இழுகிப் படிக்க முடியாமல் இருந்தது. அதன்பிறகு வருடத்துக்கு ஒன்று, அதே மூன்று வரி.

அந்த நடு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் உயிரோடு இருந்தாள். என் மகன் தினமும் காலையில் என் கட்டத்தின் முன்னால் உட்காருகிறான். அப்படியென்றால் அவனோடு பேச எனக்கு ஒரு வழி இருக்கிறது.

குறுக்கெழுத்தில் விடைகள் நான்கு திசையிலும் போகும். கீழிருந்து மேல் போகிறவை குறைவு, இரண்டோ மூன்றோதான். அந்த வரிசையின் கடைசிக் குறிப்பை அவள் மகனுக்கென்று ஒதுக்கினாள். "நீ விட்டுப்போன சட்டையின் நிறம் (3)." பச்சை. "மாடிப்படியில் விழுந்து நீ உடைத்துக்கொண்டது (4)." முன்பல். "உனக்காக இன்னும் எடுத்துவைப்பது (3)." தட்டு.

குறுக்கே போகும் விடைகளை வைத்து வாசகர்கள் எப்படியோ நிரப்பிவிடுவார்கள். ஆனால் புலம்பாமல் இருக்க மாட்டார்கள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் ஆசிரியருக்குக் கடிதமே எழுதினார்: "நான் எங்கும் எந்தச் சட்டையையும் விட்டுவிட்டு வரவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." அலுவலகத்தில் அதைப் படித்துச் சிரித்தார்கள். கட்டக்காரம்மாவுக்கு வயதாகிறது, எதையோ கிறுக்குகிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

கணவர் விழுந்த மறுநாளே அவள் ஓடிப்போய், கொடுத்திருந்த உறையைத் திரும்ப வாங்கிக் குறிப்புகளை மாற்றினாள். "கட்டிலில் கிடந்து உன்னைக் கேட்பவர் (3)." "எத்தனை முறை கேட்டாலும் அவருக்கு நான் சொல்லும் பொய் (4)." அப்பா. வருவான். இரண்டு வாரமாகத் தினமும் இதே பேச்சுத்தான். காலையில் பேப்பர் வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைப் பிரித்து, அச்சில் வந்திருக்கிறதா என்று பார்ப்பாள். வந்திருக்கும். வெட்டி மேஜைமேல் அடுக்குவாள். பிறகு நாள் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பார்த்தும் வரவில்லை. தகப்பன் சாகக் கிடக்கிறான் என்று படித்தும் வராத பிள்ளையையா பத்து மாதம் சுமந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

வாசலில் சைக்கிள் மணி ஒலித்தது.

"உள்ள வரலாமா தங்கச்சி?"

அச்சுக்கூட ஃபோர்மேன். இத்தனை வருடமும் அவளுடைய கட்டங்களை அச்சுக்குக் கோத்துக் கொடுப்பவர். ஈய எழுத்தை அள்ளி அள்ளி விரல் நுனியெல்லாம் கறுத்துப்போய், அச்சுக்கூடத்தில் அவருக்கு ஈயக்கை என்றே பெயர்.

நேராகக் கட்டிலருகே போனார். "என்ன மச்சான், நீங்க படுத்துக்கிட்டா டிப்போல பஸ்ஸெல்லாம் அதது இஷ்டத்துக்கு ஓடுதாமே. கேள்விப்பட்டேன்."

"வந்தானா?"

ஃபோர்மேனின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே அணைந்தது. முன்னறைக்கு வந்து சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார்.

"கோவிச்சுக்காத. உதவி ஆசிரியர் கொதிச்சுப்போய் கிடக்காரு. இது குறுக்கெழுத்தா, குடும்பக் கடுதாசியான்னு கேக்கறாரு. தினம் அப்பாங்கறே, கட்டில்ங்கறே. படிக்கிறவனுக்கு ஒண்ணும் விளங்கல."

"விளங்க வேண்டியவனுக்கு விளங்கினா போதும்ணா."

யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள். அஞ்சலட்டைகளை எடுத்துக் காட்டினாள். "நம்ம பேப்பர்தான் பாக்கறான். தினம் பாக்கறான். பாத்தும் வரல. கல்லாயிட்டான்ணா என் புள்ள."

அவர் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பையன் இந்த ஊர்லயா இருக்கான்?"

"இங்க இருந்தா எட்டு வருஷத்துல ஒருத்தர் கண்ணுலயாவது படமாட்டானா? எங்கயோ தூரத்துல."

ஃபோர்மேன் அட்டைகளை மேஜைமேல் வைத்தார். பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்பவர் போல மெல்லக் கேட்டார். "தங்கச்சி, நம்ம வெளியூர்ப் பதிப்ப நீ பாத்திருக்கியா?"

"அதுவும் இதுவும் ஒண்ணுதானே?"

"இல்லம்மா. வெளியூருக்குப் போறது ரயில புடிக்கணும், மதியம் ரெண்டு மணிக்கெல்லாம் பக்கத்த மூடிடுவோம். காலையில ஆளுங்க விளம்பரத்தோட மல்லுக்கட்டுவாங்க. உன் புதுக் கட்டத்த சாயந்தரம்தான் கோப்போம், உள்ளூருக்கு மட்டும். வெளியூருக்கு அலமாரில கிடக்கற பழைய கட்டத்துல ஒண்ண எடுத்து வச்சிடறது. பழைய கட்டம், பழைய குறிப்பு. பத்து வருஷமா அப்படித்தான் ஓடுது. ஒருத்தரும் கேட்டதில்ல, நாங்களும் சொன்னதில்ல."

"எவ்வளவு பழசு?"

"பதிமூணு வருஷம் பழசு. வரிசையா எடுத்து வைப்போம்."

அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எட்டு வருடம். நாளுக்கு ஒன்றாக மூவாயிரம் குறிப்புகள். பச்சைச் சட்டையையும் முன்பல்லையும் தட்டையும் பற்றி ஊரில் இருந்த அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறாள். தலைமை ஆசிரியரிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். கேட்க வேண்டிய ஒருவன் காதில் மட்டும் ஓர் எழுத்தும் விழவில்லை. கல் என்று அவனையா சொன்னாள், பாவி. அவனுக்கு ஒன்றுமே தெரியாதே.

உள்ளே கரண்டி மறுபடி தட்டத் தொடங்கியது.

அவள் அழவில்லை. அழ நேரமில்லை என்பது போல நிமிர்ந்தாள். "இன்னிக்கு வெளியூருக்குப் போறது எந்த நம்பர்?"

"நாலாயிரத்து எழுநூத்திப் பதினாறு."

"அத எடுத்துட்டு நான் குடுக்கறத வைங்கண்ணா."

"கட்டம் வார்த்த ப்ளாக்கு, இனிமே புதுசா செய்ய நேரமில்ல. குறிப்பு வரிங்க தனி ஈயம். அத வேணா மாத்திக் கோக்கலாம். ஆனா மேனேஜர்கிட்ட கேட்டா விடமாட்டாரு. கேக்காம செஞ்சா நான்தான் நிக்கணும். எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு தங்கச்சி."

அவள் கெஞ்சவில்லை. உள்ளறைக் கதவை இன்னும் கொஞ்சம் திறந்துவைத்தாள், அவ்வளவுதான்.

"வந்தானா?"

ஃபோர்மேன் கறுத்த விரல்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மணி பதினொண்ணே கால். பன்னண்டுக்குள்ள எழுதிக் குடு. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

அலமாரியிலிருந்து பழைய நறுக்குகளின் கட்டை இறக்கி, நாலாயிரத்து எழுநூற்றுப் பதினாறைத் தேடி எடுத்தாள். எப்போதும் விடையையும் குறிப்பையும் அவளே தீர்மானிப்பாள். இன்று விடைகள் பதின்மூன்று வருடத்துக்கு முன்பே முடிவாகிவிட்டவை. பெயர், கட்டில், பயணம், கோபம், நாள், யானை. அந்தச் சொற்களை மாற்ற முடியாது. அவற்றைச் சொல்ல வைத்தே மகனைக் கூப்பிட வேண்டும்.

எழுதத் தொடங்கினாள்.

"அப்பா எழுந்திருக்க முடியாமல் கிடப்பது (4)." கட்டில்.

"அவர் ஓயாமல் கேட்பது உன்னுடையதை (3)." பெயர்.

"அவரிடம் இப்போது துளியும் இல்லாதது (3)." கோபம்.

"மருத்துவர் கொடுத்திருப்பது இன்னும் இரண்டு (2)." நாள்.

"பச்சைச் சட்டைக்காரனே, இதை இன்றே தொடங்கு (4)." பயணம்.

யானைக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதற்குப் பழைய குறிப்பையே விட்டுவிட்டாள்.

ஃபோர்மேன் ஒரு முறை படித்தார். "இதுல புதிரே இல்லையேம்மா," என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தாளைப் பனியனுக்குள் செருகி, சைக்கிளை எடுத்தார்.

மறுநாள் மாலை நாலே முக்காலுக்கு டைம்கீப்பர் போய்விட்டார். கடைசி ஒரு மணி நேரம் கரண்டியைப் பிடிக்கக்கூட விரல் மடங்கவில்லை. உதடு மட்டும் அந்தச் சொல்லை உச்சரித்துக்கொண்டிருந்தது. அவள் குனிந்து அவர் காதில், "பஸ் ஏறிட்டானாம், வந்துக்கிட்டே இருக்கான்" என்றாள். அதைக் கேட்டாரா இல்லையா என்பது அவருக்குத்தான் தெரியும்.

அதற்கடுத்த நாள் நண்பகலில் எடுத்துவிட்டார்கள். ஃபோர்மேனும் வந்து, ஓரமாகக் கைகட்டி நின்றார். எல்லோரும் கலைந்தபின் அவளிடம் சொன்னார்:

"வெளியூர்லேருந்து ஒம்போது தந்தி வந்திருக்கு தங்கச்சி. யார் அந்த அப்பா, இன்னும் இருக்காரான்னு கேட்டு. மேனேஜர் ஆடித் தீத்துட்டாரு. என்னை ரசீதுப் புஸ்தகம் அடிக்கிற பக்கம் தள்ளிட்டாங்க. போகட்டும், அங்க சத்தம் கம்மி. ஆனா ஒரு உத்தரவு போட்டிருக்காரு. இனிமே வெளியூருக்கும் உன் புதுக் கட்டம்தான் போகுமாம்."

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. சொந்த வீட்டுக் கதவை அந்நியனைப் போலத் தட்டிக்கொண்டு, தாடியும் நகக்கண்ணில் சிவப்புச் சாயமுமாக ஒருவன் நின்றான். தோள் அகன்றிருந்தது. கண் மட்டும் மாறவில்லை.

"அம்மா."

அவள் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அவன் பார்வை அவளைத் தாண்டி உள்ளறைக்குப் போனது. கட்டிலில் படுக்கை சுருட்டி வைத்திருந்தது.

"எப்போ?"

"முந்தாநேத்து. நாலே முக்கால்."

"நான் அப்ப ரயில்ல இருந்தேன். வழியில அடுத்த வண்டி கிடைக்காம ஒரு நாள் நின்னுட்டேன்," என்றான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

தேநீர் கொண்டுவந்து வைத்தாள். தொடவில்லை. வெகுநேரம் கழித்து, மடித்து மடித்துக் கிழிந்துபோன பத்திரிகைப் பக்கத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தரையில் விரித்தான்.

"இது நீ எழுதினதுதான?"

"ஆமா."

"அப்பா விழுந்து எத்தனை நாளாச்சு?"

"பதினாறு நாள்."

"இது வர்ற வரைக்கும் தினம் நான் பேப்பர் பாத்தேன்மா. ஒரு நாள் தவறல. எல்லாம் பழசுதான் வந்துச்சு."

அவள் தேநீரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"எட்டு வருஷமா பழசத்தான் போட்டே. எனக்காகத்தான் போடறேன்னு நான் நெனச்சேன். சின்னப் புள்ளையில உன் பக்கத்துல உக்காந்து நான் சொன்ன குறிப்பெல்லாம் ஒண்ணு விடாம வந்துச்சு. 'அம்மா திட்டும்போது அப்பா அண்ணாந்து பார்ப்பது.' கூரை. ஏழு வயசுல சொன்னேன், நீ சிரிச்சிக்கிட்டே எழுதினே. அது வந்த அன்னிக்கு டீக்கடை பெஞ்சுல உக்காந்து, நாலு பேர் பாக்க அழுதேன். சோறு திங்கும்போதெல்லாம் அத எதிர்ல விரிச்சு வச்சுக்குவேன். நீ எதிர்ல உக்காந்திருக்கற மாதிரி இருக்கும். அம்மா மறக்கல, வீட்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க, அப்பாவுக்குத்தான் இன்னும் கோவம் போகலன்னு நெனச்சுக்கிட்டேன். அது தணிஞ்சதும் நீயே ஒரு குறிப்பு போடுவேன்னு இருந்தேன்."

குரல் உடைந்தது. "ஒரே ஒரு குறிப்பு, வான்னு. போன வருஷம் போட்டிருந்தாக்கூட வந்திருப்பேன். போன வாரம் போட்டிருந்தா அவர் முகத்தையாவது பாத்திருப்பேன். சாகப்போறப்பதான் உனக்குக் கூப்பிடத் தோணிச்சா?"

மேஜைமேல், அலமாரியிலிருந்து இறக்கிய கட்டோடு, உள்ளூர்ப் பதிப்பின் நறுக்குகள் அடுக்கியிருந்தன. கை நீட்டினால் எடுத்துவிடலாம். இதோ பார், உன் தட்டு, உன் பல், உன் சட்டை, மூவாயிரம் முறை கூப்பிட்டேன் என்று அவன் மடியில் கொட்டிவிடலாம். அவள் குற்றமற்றவள் என்று ஒரே நொடியில் தெரிந்துவிடும்.

ஆனால் அதோடு இன்னொன்றும் தெரிந்துவிடும். யாரையும் தெரியாத ஊரில் எட்டு வருடம் அவன் தனியாக உட்கார்ந்து தின்ற ஒவ்வொரு பிடிச் சோற்றுக்கும் எதிரே இருந்தது அம்மா இல்லை என்று தெரிந்துவிடும். அவசரத்துக்கு இடம் நிரப்ப யாரோ அலமாரியிலிருந்து எடுத்து வைத்த ஈயம் அது. அப்பா போய்விட்டார். அந்த எட்டு வருடத்து அம்மாவையும் அவனிடமிருந்து பிடுங்கிக்கொள்வதா?

அவள் நகர்ந்து மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"அங்க என்ன?" என்றான்.

"பழைய பேப்பர்ப்பா," என்றாள். "நீ சொல்றது சரிதான். முன்னாடியே கூப்பிட்டிருக்கணும். எனக்குத் தோணல."

"தோணலையா?"

"தோணல."

அவன் அவளை வெறித்துப் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் தலை குனியாமல் வாங்கிக்கொண்டாள்.

"அப்பா என்னைக் கேட்டாரா?"

"கேட்டுக்கிட்டேதான் இருந்தாரு."

அவன் எழுந்து உள்ளறைக்குப் போய், சுருட்டியிருந்த படுக்கைமேல் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தான். திரும்பி வந்தபோது முகம் துடைத்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டான்.

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போ கண்ணு."

"யாருக்காக?"

"எங்க இருக்கேன்னாவது சொல்லிட்டுப் போ."

"தோணினா எழுதறேன்." தரையில் விரித்திருந்த பத்திரிகைப் பக்கத்தை அவன் எடுக்கவில்லை. "இனிமே அந்தப் பேப்பர வாங்கமாட்டேன்மா. கட்டமும் போடமாட்டேன். எட்டு வருஷம் போட்டது போதும்."

புதுக் கட்டம் இனி உன் ஊருக்கும் வரும் என்று சொல்ல வந்து, நிறுத்திக்கொண்டாள். அதைச் சொன்னால் இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்பான்.

"சரிப்பா," என்றாள். "போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போ."

அவன் படியிறங்கிவிட்டான். தெருவில் வெயில் ஏறியிருந்தது. ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பான் என்று நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருமுனையில் ஒரு லாரி அவனை மறைத்தது. லாரி நகர்ந்தபோது அவன் இல்லை.

எதிர்வீட்டுக்காரி மாடியிலிருந்து குரல் கொடுத்தாள். "யார் வந்துட்டுப் போறது?"

"துக்கம் கேக்க வந்தாங்க," என்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.